சோற்றுக்கே கஷ்டப்படும் வீட்டில் குண்டுப் பிள்ளை எப்படி?

கேள்வி இது: "சென்னை கண்ணகி நகரில் சாயங்கால டியூஷன் நடத்துகிறேன். ஆறாவது முதல் ஒன்பதாவது வரை படிக்கும் பிள்ளைகள். பெற்றோர் வீட்டு வேலை, ஹவுஸ்கீப்பிங், பெயின்டிங் என்று போகிறவர்கள். பிள்ளைகளில் நிறையப் பேர் ஒல்லிதான். ஆனால் சிலர் நல்ல குண்டு. இரண்டு மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது. காசில்லாத வீட்டில் இது எப்படி வருகிறது? பெற்றோர் கண்டுகொள்ளாததாலா? நான் ஏதாவது செய்ய முடியுமா?"

பெற்றோர் மேலுள்ள சந்தேகத்தை முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம். குழந்தைகளுக்கான உணவு ஆலோசகராக இந்த மாதிரி வீடுகளின் அம்மாக்களோடு தினமும் பேசுகிறவள் நான். பிள்ளையின் சாப்பாட்டைப் பற்றி யோசிக்காத அம்மா அபூர்வம். அவர்கள் கையில் இருப்பது குறைந்த காசு, அதைவிடக் குறைந்த நேரம், அதையும்விடக் குறைந்த இடம். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பிள்ளையின் வயிற்றை நிரப்ப என்ன வழி கிடைக்கிறதோ அதைச் செய்கிறார்கள். அதே வழி ஒரு பிள்ளையை ஒல்லியாக்குகிறது, இன்னொன்றைக் குண்டாக்குகிறது. சில வீடுகளில் ஒரே பிள்ளைக்கு இரண்டும் நடக்கிறது: உயரம் வளராமல் இடுப்பு மட்டும் வளர்கிறது.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பூதாகரமாகத் தெரியும். 2014ல் வெளிவந்த ஒரு சென்னை ஆய்வில் ஏறக்குறைய 19,000 பள்ளிப் பிள்ளைகளை எடை பார்த்தார்கள். தனியார் பள்ளிகளில் 21.4 சதவீதம் பேருக்கு அதிக எடை அல்லது உடல் பருமன். அரசுப் பள்ளிகளில் 3.6 சதவீதம். ஆக, நம் ஊரில் இது இன்னும் வசதியான வீட்டு நோய் என்று சொன்னால் அன்றைய கணக்குப்படி தப்பில்லை. ஆனால் இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே எல்லா அரசுப் பள்ளிகளிலும் 10, 11 வயதுப் பிள்ளைகளை வருஷா வருஷம் எடை பார்க்கிறார்கள். 2022-23ல் மிக ஏழ்மையான பகுதிகளில் 30.2 சதவீதம் பேர் உடல் பருமன் உள்ளவர்கள். மிக வசதியான பகுதிகளில் 13.1. அப்படியே தலைகீழ். முதலில் பணக்காரர்களிடம் வந்த நோய், மலிவான எண்ணெயும் சர்க்கரையும் எல்லாருக்கும் எட்டியதும் ஏழைகளிடம் இறங்கி, வசதியுள்ளவர்கள் ஜிம்முக்கும் பழத்துக்கும் நகர்ந்த பிறகு ஏழைகளிடமே தங்கிவிட்டது. நாம் அந்தப் பாதையில் நடுவழியில் இருக்கிறோம். இந்தியாவில் 5 முதல் 19 வயது வரை உடல் பருமன் உள்ளவர்கள் 1990ல் சுமார் 4 லட்சம் பேர், 2022ல் 1.25 கோடி. இவ்வளவு பேரும் தனியார் பள்ளிப் பிள்ளைகளாக இருக்க முடியாது.

பெரியவர்களின் கணக்கில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை. முந்தைய ஆய்வில் அது 30.9. அதே ஆய்வில் அதே பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் நாலில் ஒன்று வயதுக்கேற்ற உயரமில்லை. சதை இருக்கிறது, இரும்புச்சத்து இல்லை, உயரம் இல்லை. கலோரிக்குப் பஞ்சமில்லாமல் சத்துக்குப் பஞ்சம் வந்தால் இப்படித்தான் ஆகும்.

சரி, இது நடக்கும் இடம் எது? உங்கள் டியூஷனுக்குக் கீழேயே ஒரு பெட்டிக்கடை இருக்கும். போய் நின்று பாருங்கள். வாசலில் சரம் சரமாகத் தொங்குவதெல்லாம் 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட். ஐந்து ரூபாய் குளுக்கோஸ் பிஸ்கட்டில் 50 கிராமுக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும். அது 220, 240 கலோரி. அதே ஐந்து ரூபாய்க்கு வாழைப்பழம் கிடைத்தால் ஒன்று, 90 கலோரி. பெரும்பாலும் அதுவும் ஏழு, எட்டு ரூபாய் ஆகிவிட்டது. முட்டை ஏழு ரூபாய் என்றால் 70 கலோரி. ரூபாய்க்கு எவ்வளவு பசி அடங்குகிறது என்ற கணக்கில் பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் முட்டையும் பழமும் நிற்கவே முடியாது. இந்தக் கணக்கை அந்த அம்மாக்கள் பேப்பரில் போடுவதில்லை; கையில் இருக்கும் இருபது ரூபாயே போட்டுவிடுகிறது. முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கலாம். நாலு மணிக்குப் பசியோடு வரும் பையனுக்குப் புரதம் தெரியாது, வயிறு நிறைந்ததா இல்லையா என்பதுதான் தெரியும். பிஸ்கட் நிறைக்கும், ஒரு மணி நேரத்துக்கு. அப்புறம் மறுபடி பசிக்கும்.

குளிர்பானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பு கோலா என்றால் விசேஷத்துக்கு வாங்குவது. இப்போது 200 மில்லி பாட்டில் பத்து ரூபாய்க்கு வந்துவிட்டது. அதில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை, அதாவது ஐந்து டீஸ்பூன். ஒரு பிள்ளைக்கு நாள் முழுக்க வெளியிலிருந்து சேரும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. காலையில் சர்க்கரை போட்ட டீயில் பொறையைத் தோய்த்துத் தின்றுவிட்டு, மத்தியானம் ஒரு கோலா குடித்தால் அந்த வரம்பு தாண்டிவிட்டது. மாம்பழப் பானம் பழச்சாறுதானே என்று வாங்கிக் கொடுப்பார்கள். லேபிளைத் திருப்பிப் பார்த்தால் முதலில் தண்ணீர் இருக்கும், பழக்கூழும் சர்க்கரையும் அதற்கப்புறம்.

இங்கே ஒரு பழியைத் துடைத்துவிட வேண்டும். "ரேஷன் அரிசியும் ரேஷன் பாமாயிலும்தான் ஏழைகளைக் குண்டாக்குகிறது" என்று படித்தவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 20 கிலோ அரிசி, நாலு பேர் உள்ள வீடு என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 165 கிராம் சொச்சம். 600 கலோரிகூட வராது. 2007ல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு லிட்டர் பாமாயிலை அதேபோல் வகுத்தால் ஆளுக்கு 8 மில்லி, இரண்டு டீஸ்பூனுக்குக் கீழே. இதை வைத்து யாரும் குண்டாக முடியாது. ரேஷன் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகள் பட்டினிதான். குறை வேறு இடத்தில் இருக்கிறது. அரிசி விலையில்லாமல் வருகிறது. அதோடு சேர்த்துச் சாப்பிட வேண்டிய காய், கீரை, முட்டை, மீன் எல்லாம் சந்தை விலையில் வருகிறது. 30 ரூபாய்க்குத் தரும் ஒரு கிலோ பருப்பு நாலு பேருக்கு ஒரு மாதத்துக்கு வகுத்தால் ஆளுக்கு 8 கிராம். ஆகவே தட்டில் சோறு மலையாகவும், குழம்பு தண்ணியாகவும், ஓரத்தில் ஒரு அப்பளமோ ஊறுகாயோ. அந்த அப்பளம் தீர்ந்தால் ஐந்து ரூபாய் சிப்ஸ் தொட்டுக்கை ஆகிவிடுகிறது. சோற்றுக்குச் சிப்ஸ் தொட்டுச் சாப்பிடும் பிள்ளையை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். உருளைக்கிழங்குப் பொரியலின் இடத்தில் அது வந்து உட்கார்ந்திருக்கிறது. வெங்காயம் நறுக்க வேண்டாம், கேஸ் செலவில்லை, பிள்ளையும் மறுபேச்சில்லாமல் சாப்பிடும்.

நேரத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை விளங்கிக்கொள்ள முடியாது. கண்ணகி நகர் 2000 வாக்கில் உருவானது. அதற்கப்புறம் சுனாமியை ஒட்டி செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெருமளவில் பெரும்பாக்கம். இங்கெல்லாம் இருப்பவர்கள் கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் நடுப்பகுதிகளிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்கள். வீடு இங்கே வந்தது. வேலை பலருக்குப் பழைய இடத்திலேயே இருந்துவிட்டது. ராயப்பேட்டையில் நாலு வீடு பாத்திரம் தேய்க்கிற பெண், முன்பு பத்து நிமிஷத்தில் நடந்து போய் மத்தியானம் வந்து பிள்ளைக்குச் சோறு போட்டவர், இப்போது விடியற்காலையில் பஸ் பிடிக்க வேண்டும். பக்கத்தில் ஓஎம்ஆர் சாலையில் உள்ள ஐடி கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங் கிடைத்தவர்களுக்கு தூரம் குறைவு, ஆனால் ஷிப்ட் ஏழு மணிக்கே தொடங்கிவிடும். ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பும் அம்மா ஐந்து மணிக்கு எழுந்து சோறு வடித்து வைப்பார். நாஷ்டா செய்ய நேரமிருக்காது. பிள்ளையின் கையில் இருபது ரூபாய். அந்தக் காசு அவர் வீட்டில் இல்லாத பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஈடாக விட்டுப் போவது. அதைக் குறைக்கச் சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சாயங்காலமும் அப்படியே. ஏழு மணிக்குக் களைத்து வருகிறவர் மறுபடி அடுப்பு பற்ற வைப்பதற்குள் பிள்ளை பஜ்ஜி கடையிலும் காளான் வண்டியிலும் ஒரு சுற்று முடித்திருக்கும். சிக்கன் பகோடா நூறு கிராம் வாங்கி வந்து குடும்பமாகச் சோற்றோடு சாப்பிடுவதும் உண்டு. அந்த வண்டிகளில் வாணலியில் இருக்கும் எண்ணெயை எத்தனை தடவை சூடாக்கினார்கள் என்பது கடைக்காரருக்கே தெரியாது. எண்ணெய் பற்றிக் கவலைப்பட வேண்டுமென்றால் ரேஷன் பாக்கெட்டை விட்டுவிட்டு இங்கே பாருங்கள்.

இடம். கண்ணகி நகரின் பழைய வீடுகள் பல ஒரே அறைதான். அதற்குள் ஐந்து பேர், ஒரு டிவி, இரண்டு போன். பெரும்பாக்கத்தில் எட்டு மாடி. லிப்ட் ஓடாத நாளில் கீழே இறங்கிய பிள்ளையைத் திரும்ப மேலே வரவழைப்பதே பெரும்பாடு. அதனால் வேலைக்குப் போகும் அம்மா "கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே இரு" என்பார். கீழே குடிகாரர்கள், தெருநாய், வேகமாக வரும் பைக். குறிப்பாகப் பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் விளையாட்டு நின்றுவிடுகிறது. போன் பார்த்துக்கொண்டே தின்கிற பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரியாது. ராத்திரி பதினோரு மணி வரை டிவி ஓடும் அறையில் தூங்குகிற பிள்ளைக்குத் தூக்கம் குறையும். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசியும் இனிப்பு ஆசையும் கூடும். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. ஒரே அறையில், போனோடு, ஏறக்குறைய இருபது மாதம். இன்று உங்களிடம் படிக்கிறவர்கள் அப்போது சின்ன வகுப்புகளில் இருந்தவர்கள். எடை ஏறத் தொடங்கிய வருஷம் எது என்று கேட்டால் நிறைய அம்மாக்கள் "கொரோனா டைம்" என்கிறார்கள்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். 2025ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் இருந்த கார்த்திகா உங்கள் கண்ணகி நகர்ப் பெண்தான். கபடிக்கு ஷூகூட வேண்டாம், ஒரு மண் தரை போதும். ஒரு பயிற்சியாளர், மாலையில் ஒரு பாதுகாப்பான தரை, "அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்ல ஒரு ஆள் கிடைத்தால் அதே பிள்ளைகள் ஓடத்தான் செய்கிறார்கள். சோம்பேறிப் பிள்ளைகள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

இனி உடம்புக்குள் நடப்பது. இதில்தான் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இரட்டை அடி. 1990களில் புனேயைச் சுற்றிய கிராமங்களில் பிறந்த குழந்தைகளை மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் அளந்தார்கள். சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5. கை, கால், தசை எல்லாம் சிறுத்திருந்தன, ஆனால் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. அதாவது ஒல்லியாகப் பிறந்தும் கொழுப்போடு பிறக்கிறார்கள். வயிற்றில் இருக்கும்போது அம்மாவுக்குச் சத்துக் குறைந்தால் குழந்தையின் உடம்பு "வெளியே பஞ்சம்தான்" என்று தயாராகி வருகிறது. வந்து பார்த்தால் ஐந்து ரூபாய் பிஸ்கட் சரம் தொங்குகிறது.

டெல்லி ஆய்வு இன்னும் யோசிக்க வைக்கும். 1969 முதல் 1972 வரை அங்கே பிறந்தவர்களைச் சிறுவயதிலிருந்து அளந்து, முப்பது வயதை ஒட்டி சர்க்கரை பரிசோதித்து 2004ல் வெளியிட்டார்கள். சர்க்கரை நோயோ அதன் முன்நிலையோ வந்தவர்கள் இரண்டு வயதில் ஒல்லியாக இருந்தவர்கள். அதற்கப்புறம் 12 வயதுக்குள் எடை மளமளவென்று ஏறியவர்கள். ஆனால் 12 வயதில் அவர்களில் ஒருவர்கூட உடல் பருமன் என்ற கணக்கில் வரவில்லை. ஆக, நீங்கள் டியூஷனில் பார்க்கும் அந்தச் சில குண்டுப் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிகிறவர்கள். நாலாவதில் ஒல்லியாக இருந்து ஏழாவதில் "பரவாயில்லை, உடம்பு தேறிட்டான்" என்று பாராட்டு வாங்குகிற பையனையும் ஒரு கண் பார்க்க வேண்டும்.

கிட்டத்திலிருந்து பார்க்க ஒரு அடையாளம் சொல்கிறேன். கழுத்தின் பின்புறம். சட்டைக் காலருக்கு மேலே, கறுத்து, தடித்து, வெல்வெட் துணி மாதிரி மடிப்பு இருக்கிறதா பாருங்கள். "அழுக்கு மேடம், எவ்ளோ தேய்ச்சாலும் போவ மாட்டேங்குது" என்று சொல்லும் அம்மாக்கள் ஏராளம். பீர்க்கங்காய் நார் போட்டு ரத்தம் வரும் அளவுக்குத் தேய்த்துக் கூட்டி வருவார்கள். அது அழுக்கு கிடையாது. சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சுரந்தும் உடம்பு அதற்குச் சரியாகக் கட்டுப்படாமல் போனதன் வெளி அடையாளம் அது. பல பிள்ளைகளுக்கு அக்குளிலும் இருக்கும். பள்ளியில் "அழுக்கன்" என்று கேலி வேறு. தேய்க்கத் தேவையில்லை, இரத்தப் பரிசோதனை தேவை என்று சொன்னதும் அந்த அம்மா முகம் மாறுவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

புஷ்டி மோகத்தையும் சொல்லியாக வேண்டும். மூன்று தலைமுறையாகப் பசி பார்த்த வீட்டில் கொழுகொழு பிள்ளை என்பது ஒரு சாதனை. பாட்டி திருஷ்டி சுற்றிப் போடுகிறார் என்றால் பெருமைப்படுகிறார் என்று அர்த்தம். ஆஸ்பத்திரிக்கு ஒருவரைப் பார்க்கப் போனால் ஹார்லிக்ஸ் பாட்டிலும் பிரெட்டும் வாங்கிப் போவது நம் வழக்கம். 2024 ஏப்ரலில் மத்திய அரசு இணைய விற்பனைத் தளங்களிடம், இந்த வகைப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பட்டியலில் வைக்காதீர்கள் என்று சொன்னது. ஹார்லிக்ஸும் அந்தப் பெயரைக் கைவிட்டது. ஆனால் 10 ரூபாய்ப் பொட்டலத்தைக் கிழித்துப் பாலில் போடும் அம்மாவிடம் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. அவர் கண்ணுக்கு அது இன்னும் சத்துதான். அந்தக் காசில் வறுகடலை வாங்கலாம்.

அரசு என்ன செய்கிறது? பள்ளிக்குள்ளும் பள்ளி வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறை சொல்கிறது. உங்கள் பகுதிப் பள்ளி வாசலில் இருந்து ஐம்பது மீட்டர் நடந்து பாருங்கள், எத்தனை கடை என்று தெரியும். நான் அந்தக் கடைக்காரர்களைக் குறை சொல்லமாட்டேன். பெரும்பாலும் கணவனை இழந்த பெண்களும் வயதானவர்களும் நடத்தும் கடைகள் அவை; சரத்தில் தொங்குவதை மாற்றாமல் கடையை மட்டும் தூக்கச் சொன்னால் பாவம் அவர்கள்தான் நடுத்தெருவில் நிற்பார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கான ஜிஎஸ்டி 18லிருந்து 5 சதவீதம் ஆனது, மிக்சர், சிப்ஸ் வகையறாவுக்கு 12லிருந்து 5, மாம்பழப் பானத்துக்கும் 5. கோலாவுக்கு மட்டும் 40 சதவீதம். கோலாவின் 40 எனக்குச் சரிதான். மற்றவை குறைந்ததை நடுத்தர வர்க்கத்துக்கான சலுகை என்று கொண்டாடினார்கள். ஐந்து ரூபாய் பாக்கெட்டில் வரி குறைந்தால் விலை மூன்று ரூபாய் ஆகாது. அதே விலைக்குக் கிராம் கூடும். பிள்ளையின் கைக்கு இன்னும் கொஞ்சம் அதிகம் போகும், அவ்வளவே.

சிலி நாடு 2016ல் வேறு மாதிரி செய்தது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி வரம்பு தாண்டிய பாக்கெட்டின் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரை. அந்த முத்திரை வாங்கியதைப் பள்ளியில் விற்கத் தடை. 14 வயதுக்குட்பட்டவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யத் தடை. மூன்றும் ஒரே சட்டத்தில். சர்க்கரைப் பானங்கள் வாங்குவது கிட்டத்தட்ட 24 சதவீதம் குறைந்தது. படிக்கத் தெரியாத பாட்டிக்கும் கறுப்பு முத்திரை புரியும். நம் ஊரில் 2022ல் நட்சத்திரம் போடலாம் என்று ஒரு வரைவு வந்தது. நட்சத்திரம் என்றால் நம் ஜனங்களுக்குப் பாராட்டுதானே. ஒரு நட்சத்திரம் வாங்கிய சிப்ஸையும் நல்லது என்றுதான் நினைப்பார்கள்.

எனக்கு உண்மையான நம்பிக்கை இருப்பது பள்ளிச் சாப்பாட்டில். 1920ல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, 1982ல் மாநிலம் முழுவதும் பரவி, 2010லிருந்து வாரம் ஐந்து நாளும் முட்டை என்று வளர்ந்த அமைப்பு இது. 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. இதன் பெரிய நன்மை, டீயும் பொறையும் இருந்த இடத்தில் சுடச்சுட பொங்கலும் சாம்பாரும் வந்தது. ஆனால் இரண்டு குறை. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று ரவையும் சேமியாவும் அரிசியும்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. காய் போட்ட சாம்பார் இருந்தாலும் தட்டில் மாவுச்சத்தே அதிகம். ஒரு நாள் முளைகட்டிய பயறோ கொண்டைக்கடலையோ காலையிலேயே வந்தால் கதை மாறும். இரண்டாவது, திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்று வகுக்கப்பட்டது. ஆறாவதில், சரியாக உடம்பு மளமளவென்று மாறும் வயதில், கையில் காசோடு தனியாகப் பள்ளிக்குப் போகத் தொடங்கும் வயதில், காலைச் சாப்பாடு நின்றுபோகிறது. உங்கள் டியூஷன் பிள்ளைகள் அத்தனை பேரும் இந்த வயசுதான். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.

இனி நீங்கள் செய்யக்கூடியது.

குண்டுப் பிள்ளைகளை மட்டும் தனியாகப் பிரித்து எதுவும் செய்யாதீர்கள். எல்லார் முன்னிலும் எடை பார்ப்பது, "நீ கம்மியாச் சாப்பிடு" என்பது, பட்டப்பெயரைச் சிரித்துக் கடந்துபோவது, மூன்றும் கெடுதல். அவமானப்பட்ட பிள்ளை ஒளித்துத் தின்னும். மாற்றுவதை எல்லாருக்குமாக மாற்றுங்கள். ஒல்லிக்கும் குண்டுக்கும் தேவை ஒரே சாப்பாடுதான், இது இந்தப் பிரச்சினையில் இருக்கும் ஒரே வசதி.

டியூஷனுக்கு வரும் நேரம் நாலரை, ஐந்து என்றால் அதுதான் பாக்கெட் நேரம். ஒரு கிலோ கறுப்புக் கொண்டைக்கடலையை ராத்திரி ஊறவைத்து வேகவைத்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும். இருபது பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பெரிய கைப்பிடி. கடுகும் வெங்காயமும் தாளிக்க அரை மணி நேரம். பெற்றோர் ஆளுக்கு வாராவாரம் கொஞ்சம் காசு கொடுத்தால் முடியும். பாக்கெட்டுக்குப் போகிற காசைவிடக் குறைவு. பயறு, காராமணி, பட்டாணி, வேர்க்கடலை என்று மாற்றிக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு கேன் தண்ணீர் வையுங்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் பிள்ளை பத்து ரூபாய் பாட்டிலைத்தான் தேடும்.

கீழேயிருக்கும் கடைக்கார அம்மாவிடமும் பேசிப் பாருங்கள். வாழைத்தாரும் கடலை மிட்டாயும் அவித்த முட்டையும் முன்னால் வைத்தால் இருபது பிள்ளைகள் வாங்குவார்கள் என்று சொன்னால் அவர் கேட்பார், வியாபாரம்தானே. கடலை மிட்டாயில் வெல்லம் இருக்கிறது, தெரியும். கூடவே கடலையும் இருக்கிறது, ஒன்று போதும்.

பிள்ளையின் இடுப்பைப் பார்க்க எடை மெஷின் வேண்டாம். ஒரு நூலை உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை அளந்து வெட்டுங்கள். அதைச் சரிபாதியாக மடித்துத் தொப்புளை ஒட்டி இடுப்பில் சுற்றச் சொல்லுங்கள். இரண்டு முனையும் சேர்ந்தால் சரி, சேராவிட்டால் கவனிக்க வேண்டும். வீட்டிலேயே அம்மா செய்யலாம், டியூஷனில் கூட்டமாகச் செய்யாதீர்கள்.

அம்மாக்களிடம் பேசும்போது எடையைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள். "இவன் மத்தியானத்துக்கு மேல் ரொம்பச் சோர்ந்து போகிறான் அக்கா, காலையில் ஏதாவது சாப்பிடுகிறானா?" என்று கேளுங்கள், அவரே சொல்லுவார். கேட்பதும் ஒரே ஒரு மாற்றமாக இருக்கட்டும். வடித்த சோறு இருக்கிறது, ராத்திரியே தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் மோரும் வெங்காயமும் சேர்த்துப் பழையது ஆகிவிடும், அடுப்பு வேண்டாம். இருபது ரூபாயைப் பத்தாக்கி மீதியில் முட்டை வாங்கி அவித்து வைத்துவிட்டுப் போகலாம். ஒரே நேரத்தில் ஐந்து விஷயம் சொன்னால் ஒன்றும் நடக்காது.

வளரும் பிள்ளையின் எடையைக் குறைக்க யாரும் பட்டினி போடக் கூடாது; இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஓரளவு அதிக எடை உள்ள பிள்ளைக்கு எடை அப்படியே நின்று, உயரம் வளர்ந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். "தைராய்டா இருக்குமோ" என்று பலர் கேட்பார்கள். சாப்பாட்டால் குண்டாகும் பிள்ளை பொதுவாக வயதுக்கு நல்ல உயரமாக இருக்கும். குண்டாகவும் இருந்து, உயரமும் நின்றுபோயிருந்தால் ஹார்மோன் பரிசோதனை பார்ப்பது நல்லது. ஏழை வீட்டுப் பிள்ளையின் குள்ளத்துக்குச் சத்துக்குறைவும் காரணமாக இருக்கலாம், அதை மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

கழுத்து கறுத்திருப்பவர்கள், தூக்கத்தில் பலமாகக் குறட்டை விடுகிறவர்கள், அடிக்கடி தாகம் எடுத்துச் சிறுநீர் போகிறவர்கள், முட்டி வலி என்பவர்கள், எட்டு வயதுக்கு முன்பே பருவ மாற்றம் தெரியும் பெண் பிள்ளைகள், இவர்களைக் காத்திருக்க வைக்க வேண்டாம். முதலில் உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கு ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தாகமும் சிறுநீரும் கூடி, எடை திடீரென்று இறங்கினால் சீட்டுக்கெல்லாம் நிற்காமல் அன்றைக்கே போய்விடுங்கள். மற்ற நேரத்தில் காலை எட்டு மணிக்கெல்லாம் புறநோயாளி வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும். அதனால் ஒரே கட்டிடத்திலிருந்து இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்தால் ஒரே நாளில் ஒருவர் கூட்டிப் போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். சர்க்கரைப் பரிசோதனைக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் தவிர எதுவும் கொடுக்காமல் வெறும் வயிற்றோடு கூட்டிப் போகச் சொல்லுங்கள். வழியில் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துவிட்டால் இன்னொரு நாள் கூலியும் போய்விடும்.